மருந்தும் கொடுக்கும் கையும்

பூட்டுக்குப் பெயர் போன திண்டுக்கல்லில் வசிக்கும் நமக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். சாவி சரியானதாக இருந்தால் மட்டும் போதாது. அதைத் திருப்பும் கையும் பழகியிருக்க வேண்டும். மருந்தும் அப்படித்தான்.

வைத்தியர் சீட்டு எழுதியதோடு வைத்தியம் முடிந்துவிட்டதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆஸ்பத்திரியில் மருந்தைக் கொடுத்த தாதி, அதன் பிறகு நாடியையும் மூச்சையும் சிறுநீரின் அளவையும் பார்த்துக் குறித்து வைக்கிறாள். நோயாளி வீடு திரும்பியபின் அந்த வேலை யாருடையது? பெரும்பாலும் நம் தாய்மாரும் மருமகள்மாருமே அதை ஏற்கிறார்கள். ஆண்பிள்ளைகளும் கற்றுக்கொண்டால் குற்றமில்லை! நெஞ்சு, வயிறு, நீர் ஆகிய மூன்றுக்குமான மருந்துகள் இல்லாத வீடு அரிதாகையால், அவற்றைக் கொடுக்கும் முறையைச் சிறிது கவனிப்போம்.

முதலில் இருமல். நம் பாட்டிமார் ஆடாதோடை இலையைக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். அந்த இலையிலுள்ள வாசிசின் என்னும் சத்தை அடிப்படையாகக் கொண்டே புரோம்ஹெக்ஸின் என்ற மருந்தை ரசாயன சாஸ்திரிகள் உண்டாக்கினார்கள். அது இருமலை அடக்குவதில்லை. கட்டியான கபத்தை இளக்கி வெளியேற்ற உதவுகிறது. வறட்டு இருமலை அடக்கும் கோடீன் வேறு ஜாதி. கபம் நிறைந்தவருக்கு அதைக் கொடுத்தால் சளி நெஞ்சிலேயே தங்கிவிடும். இரண்டு புட்டிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்!

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2025-இல், காஞ்சிபுரம் ஜில்லாவில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ என்ற இருமல் மருந்தில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது. மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில் அதைக் குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் பழுதுபட்டு மாண்டனர். 1937-இல் அமெரிக்காவில் ஒரு மருந்தின் மூலம் 100-க்கு மேற்பட்டோரைக் கொன்றதும் இதே விஷமே. புட்டிக்குள் இருக்கும் விஷத்தைத் தாய் காண இயலாது. ஆனால் மருந்துண்ட குழந்தை வழக்கம்போல் சிறுநீர் கழிக்கவில்லை என்பதை அவள் காணலாம். கண்டவுடன் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல் மருந்து கொடுக்கலாகாது என்றும், 5 வயது வரையில் பொதுவாக வேண்டாம் என்றும் மத்திய சர்க்கார் அவ்வாண்டே அறிவுறுத்தியது.

அடுத்தது வயிறு. 1971-இல், வங்காள தேசத்து யுத்தத்தின்போது, எல்லையிலுள்ள போங்காவ் அகதி முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் திரவம் தட்டுப்பட்டது. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுகோஸும் சோடா உப்பும் அளவோடு கலந்த நீரை, நோயாளிகளின் உற்றாரைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த மரணம் 4-க்கும் கீழே இறங்கிற்று. அத்தனை உயிர்களைக் காத்தவை பெரும்பாலும் தாதி வேலை பழகாத கைகளே.

அந்த மருந்தின் பலமெல்லாம் அளவில் இருக்கிறது. பெரிய பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் சுத்தமான நீரில் கரைக்க வேண்டும். உத்தேசமாக ஒரு டம்ளரில் கலந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்கு நேரும். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மீண்டும் கொடுக்கலாம். பேதியை உடனே நிறுத்துவதாக எண்ணி, பெரியவர்களுக்கான லோபரமைடு மாத்திரையைச் சிறு குழந்தைக்குக் கொடுப்பது அபாயம்.

மூன்றாவது, நீர் மாத்திரை. இருதயம் தளர்ந்து கால் வீங்கினவர்களுக்கு ஃபுரோஸெமைடு கொடுக்கிறார்கள். அது 1 மணிக்குள் வேலையைத் தொடங்கி, சுமார் 6 மணி நேரம் நீரை வெளியேற்றும். ஒரு வேளை மாத்திரையானால் காலையில் கொடுப்பதே உசிதம். இரவில் உண்ட முதியவர் பலமுறை எழுந்து, இருட்டில் தலைசுற்றி விழுகிறார். தொடை எலும்பு முறிந்தபின் மாத்திரையைக் குறை சொல்லி என்ன பயன்?

நீரோடு பொட்டாசியம் என்னும் உப்பும் கழிவதால் தளர்ச்சி உண்டாகும். கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். இதற்குச் சிறுமலை வாழைப்பழமும் இளநீரும் நல்லவை என்று அண்டை வீட்டார் சொல்வர். ஆனால் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மற்றொரு நீர் மாத்திரை அதே உப்பை உடலில் தேக்கி வைக்கும். அதை உண்பவருக்குப் பழமும் இளநீரும் மிகுந்தால் இருதயத் துடிப்பே தாறுமாறாகலாம். ஆகவே மாத்திரையின் பெயரைப் படித்து, வைத்தியரைக் கேட்ட பிறகே பழத்தைக் கொடுக்க வேண்டும். தினந்தோறும் காலையில் எடை பார்ப்பதும் நன்று. இரண்டு மூன்று தினங்களில் 2 கிலோ ஏறினால் வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புஸ்தகம் போதும். மருந்தின் பெயர், எதற்காக, எந்த நேரம், கொடுத்தபின் கண்டது என்ன என்று நான்கு கட்டம் போடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பெண்ணோ பையனோ தினமும் அதை எழுதட்டும். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது, “எல்லாம் கொடுத்தோம், ஐயா” என்று சொல்வதற்குப் பதிலாக, அந்த நோட்டை அவர் முன் வைக்கலாம். நோயாளியின் உண்மை நிலையை அவர் அதில் காண்பார்.