தேர்வுக்கு ஒரு பழுதான சர்வர்

2017 ஜனவரி 31. நிரலாளர்களின் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் தரவுத்தளம் திணறிக்கொண்டிருந்தது. இரண்டாவது சர்வரில் கிடந்த தரவைத் துடைத்துவிட்டுப் புதிதாக நகலெடுக்கலாம் என்று முடிவுசெய்த ஊழியர், அழிக்கும் கமாண்டை அடித்தது முதல் சர்வரில். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி போயிருந்தது.

பேக்கப் இருக்குமே? ஏட்டில் இருந்தது. போஸ்ட்கிரெஸ் 9.6 தரவுத்தளத்தின் மேல் 9.2 பதிப்புக்கான கருவி ஏவப்பட்டதால், அன்றாட நகல் எடுக்கும் வேலை தோற்றுக்கொண்டே இருந்தது. அந்தத் தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஓர் ஊழியர் வேறு வேலைக்காக எடுத்துவைத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டிய அந்த நிறுவனம், பிறகு எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியும் வெளியிட்டது. லினக்ஸ் சர்வர் நிர்வாகம் படிக்கும் மாணவர் எவரும் வாசிக்க வேண்டிய அறிக்கை அது.

நம் கல்லூரி லேபில் நடப்பது வேறு. பத்துப் பதினைந்து கமாண்டு, அவற்றின் வெளியீடு, ரெக்கார்ட் நோட்டில் அழகான கையெழுத்து, கையொப்பம், முடிந்தது. எதுவும் பழுதாவதில்லை. ஆகவே எதையும் சரிசெய்ய வேண்டியதுமில்லை. இப்படித் தேறியவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ‘டிஸ்க் ஃபுல்’ என்ற எச்சரிக்கையைப் பார்த்து விழிப்பதில் வியப்பென்ன?

அந்த எச்சரிக்கையையே எடுத்துக்கொள்வோம். பெரிய லாக் கோப்பு ஒன்றைக் கண்டுபிடித்து அழித்தாயிற்று. ஆனாலும் டிஸ்க்கில் மிச்சமுள்ள இடத்தைச் சொல்லும் டிஎஃப் கமாண்டு, டிஸ்க் நிறைந்திருப்பதாகவே காட்டுகிறது. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கமாண்டோ இடம் இருப்பதுபோலக் கணக்குச் சொல்கிறது. இரண்டும் பொய்யில்லை. லினக்ஸில் கோப்பை அழித்தால் முதலில் போவது அதன் பெயர்தான். அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் பிடியை விடும்வரை உள்ளடக்கம் டிஸ்க்கில் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். எல்எஸ்ஓஎஃப் கருவியால் அந்த நிரலைக் கண்டுபிடித்து மறுதொடக்கம் செய்தால் இடம் விடுபடும். இந்த ஒரு பழுதுக்குள் கோப்பு முறைமை, செயல்முறை, லாக் பராமரிப்பு என மூன்று பாடங்கள் அடங்கிவிடுகின்றன. ஒருமுறை மாட்டிக்கொண்டவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

ஃபயர்வாலும் அப்படித்தான். தொலைவிலுள்ள சர்வரில் ஒரு விதியைத் தப்பாகப் போட்டால், போட்டவரே வெளியே நிற்க வேண்டியதுதான். அனுபவசாலிகள் விதியை மாற்றும் முன்பே, பத்து நிமிடத்தில் ஃபயர்வால் தானாக அணைய ஏற்பாடு செய்துவிடுவார்கள். உள்ளே நுழைய முடிந்தால் அந்த ஏற்பாட்டை ரத்துசெய்வார்கள். இந்த உத்தியை எந்த வைவாவிலாவது கேட்டதுண்டா?

செய்துகாட்டச் சொல்லும் தேர்வுகள் இல்லாமல் இல்லை. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் நான்கில் ஒன்றை டிக் அடிக்கும் வேலையே கிடையாது. ஓடும் கணினியில் செய்துகாட்ட வேண்டும். இணையம் இல்லை, கணினியிலேயே உள்ள கையேட்டுப் பக்கங்களைப் புரட்டலாம். செய்த மாற்றம் கணினியை மறுதொடக்கம் செய்த பிறகும் நிலைத்திருந்தால்தான் மதிப்பெண்.

பணமில்லை என்று கல்லூரிகள் சொல்ல முடியாது. டெபியன் லினக்ஸ் இலவசம், வரைகலைத் திரை இல்லாமல் நிறுவினால் பழைய கணினியிலும் ஓடும். அதன் அடிப்படையிலான பாஸ் லினக்ஸை உருவாக்கியதே சென்னையிலுள்ள அரசு நிறுவனமான சி-டாக்கின் மையம்தான். விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு சர்வரை நிறுவி, ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்துவிட்டால் எத்தனை முறை உடைத்தாலும் நொடியில் பழைய நிலைக்குத் திரும்பும். சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால், சென்னையிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன.

மாற வேண்டியது செய்முறைத் தேர்வின் வினாத்தாள். மாணவருக்கு பூட் ஆகாத சர்வர் ஒன்றைக் கொடுக்கலாம். பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரியைத் தப்பாக்கி வைத்தால் போதும். கூடவே ஒரு பேக்கப்பையும் கொடுத்து, அதிலிருந்து தரவுத்தளத்தை மீட்கச் சொல்லலாம். மூன்று மணி நேரம் தரலாம். கையேட்டைப் பார்க்கவும் விடலாம்.