வாடா மாவிலை

நன்னாட்களில் வாயிற்படிக்குமேல் மாவிலைத் தோரணம் கட்டுதல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்பதை யாவரும் அறிவர். அவ்விலை சின்னாளில் வாடும். வாடியபின் எருக்குழியிற் சேர்ந்து மண்ணாகும். அடுத்த திருநாளுக்கு மரம் வேறு தளிர் ஈனும். இக்காலத்திலோ பல வாயில்களில் என்றும் வாடாத பிளாஸ்டிக் மாவிலை தொங்கக் காண்கின்றோம். அதன்கீழே, எறும்புக்கு உணவாகும் அரிசிமாக் கோலத்திற்குப் பதிலாக ஒட்டுக்கோலம் பளபளக்கின்றது. கிறிஸ்து பிறப்பு நாளில் சவுக்குக் கிளையை நாட்டி அலங்கரித்த இல்லங்களிலும், பெட்டியினின்று எடுத்து விரிக்கும் மரமே இன்று நிற்கின்றது.

பிறரைக் குறைகூறுமுன் எம் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றோம். சென்ற ஜூன் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் தினத்தைக் கொண்டாடப் புகுந்த மாணவராகிய யாம், மேடையின் பின்சுவரைப் பிளாஸ்டிக் கொடிகளால் மறைத்து, அவற்றின் நடுவே ‘இயற்கையைக் காப்போம்’ என்னும் பலகையை மாட்டினோம். சாளரத்திற்கு அப்பால் வேம்பு தழைத்து நின்றது. விழா முடிந்தபின் அக்கொடிகளை என்செய்வதென்று அறியாது பண்டசாலையிற் திணித்தோம். இன்றும் அவை நிறங் குன்றாமல் அங்கே கிடக்கின்றன.

பிளாஸ்டிக்கின் வரலாறும் இத்தகைய முரணுடையதே. அமெரிக்க நாட்டு ஜான் வெஸ்லி ஹயட் என்பார் 1870ஆம் ஆண்டளவில் செல்லுலாய்டைச் செய்தது, பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்தினை யொழிய வேறு பொருள் காணும் பொருட்டேயாம். அன்று யானைக்குத் துணையென வந்த இனத்துப் பொருள், இன்று கோயம்புத்தூரை அடுத்த மருதமலைச் சாரலில் காட்டுயானையின் இலண்டத்திற் காணப்படுகின்றது.

தமிழ்நாட்டரசு 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, பை முதலியவற்றை விலக்கியது. அலங்காரப் பொருள் நெடுநாள் நிற்பதாகலின் அத்துணைத் தீங்கன்று என்பாரும், வெயில் புகாத அடுக்குமாடி வீட்டில் செடி எங்ஙனம் வளரும் என்பாரும் உளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஆயினும் வெளிறிய தோரணத்தை நெடுநாள் வைத்திருப்பார் சிலரே. அன்றியும், எம் கவலை பொருளைப்பற்றியது மாத்திரமன்று. பசுமையின் சாயலை விலைக்கு வாங்கிய அளவில், பசுமைக்குச் செய்யவேண்டிய கடமை தீர்ந்ததென மனம் அமைதியுறுகின்றதே, அதுவே பெருந்தீங்கு. அவ்விழா நாளில் யாம் நட்ட கன்றுகளுக்கு மறுவாரம் நீர் வார்த்தவர் எத்தனை பேர்? இவ்வினாவிற்கு விடை கூற நாணுகின்றோம்.

பண்டசாலைக் கொடிகளை இனி எறிதலும் தகாது. அவை கிழியுமளவும் நாடக மேடைக்குப் பயன்படுக, புதியன வாங்காதிருப்போம். வருகின்ற ஜூன் திங்களில் வேப்பங்குழையும் மாவிலையும் கட்டுவோம். அவை மாலைக்குள் வாடுமாயின் வாடுக.