"ஏஐதானே செஞ்சது" என்று சொல்றவங்களுக்கு

கொஞ்சம் காட்டமாத்தான் எழுதுறேன்.

தைப்பூசத்தில் பால்குடம் எடுத்த ஒரு பிள்ளையோட படத்தை ஏஐ வச்சு அசிங்கமா மாத்தி யாரோ புலனத்தில் சுத்த விட்டிருக்காங்க. பிள்ளை கோயிலுக்கே வர மாட்டேங்குது. நம்ம குழுவில் ஒருத்தர் எழுதுறார்: "நிஜப் படம் இல்லையே, ஏஐதானே செஞ்சது, இதுக்குப் போய் போலீசா?" அதுக்கு ஏழெட்டுக் கட்டைவிரல் வேற!

எந்த ஏஐ தானா எழுந்து வந்து பிள்ளை முகத்தை எடுத்துச்சு? தொழிற்சாலையில் மெஷின் ஒருத்தர் கையை நசுக்கினா மெஷின் மேலயா வழக்குப் போடுறாங்க? பாதுகாப்பு மூடியைக் கழட்டினது யார், சுவிட்சைப் போட்டது யார், பார்த்துக்கிட்டு சும்மா நின்ன சூப்பர்வைசர் யார்னுதான் கேட்பாங்க.

2025 ஏப்ரலில் ஜொகூர் கூலாயில் கூடப் படிக்கிற பெண்பிள்ளைங்க படத்தை இப்படி மாத்தினதா 16 வயசுப் பையனைப் போலீஸ் பிடிச்சது. செயலியைப் பிடிக்கல.

தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998, பிரிவு 233-ல் ஆபாசப் படம் அனுப்புறது குற்றம். எதை வச்சு செஞ்சேன்னு அந்தச் சட்டம் கேட்கல. 2025-ல் திருத்தினதுக்கு அப்புறம் அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை, சிறை 2 வருஷம் வரை. பாதிக்கப்பட்டது 18 வயசுக்குக் கீழன்னா 5 வருஷம் வரை.

"நான் செய்யல, வந்ததை அனுப்பினேன்" என்பவங்களே, அனுப்பினதும் உங்க விரல்தான். குழு அட்மின்களும் கேளுங்க. ஆதாரச் சட்டம் 114ஏ பிரிவுப்படி, நிர்வாகின்னு உங்க பேர் இருந்தா நீங்களே வெளியிட்டதாத்தான் முதலில் எடுத்துக்குவாங்க. இல்லைன்னு நிரூபிக்கிறது உங்க வேலை. 2012-லிருந்து இருக்கிற சட்டம் இது.

முகநூல், டிக்டாக் மாதிரி கம்பெனிகளை நான் விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. 80 லட்சம் பயனர் உள்ள தளங்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து உரிமம் கட்டாயம். விளம்பரக் காசு வாங்குறவங்க படத்தை உடனே எடுக்கவும் வேணும். ஆனா கம்பெனியைத் திட்டிக்கிட்டே அதே படத்தை நாலு குழுவுக்கு அனுப்புறது என்ன நியாயம்?

படம் வந்தா யாருக்கும் அனுப்பாதீங்க. அனுப்பின எண், தேதி, நேரத்தைக் குறிச்சு வச்சு, போனோட போலீசில் புகார் கொடுங்க. பிள்ளையோட அப்பா அம்மா தனியா போக வேண்டாம், நான் கூட வர்றேன். திருவிழா ஆல்பத்தில் பிள்ளைங்க முகம் பெருசா தெரியிற படங்களை எடுக்கச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்துட்டேன். கட்டைவிரல் போட்டவங்களும் அதுல கையெழுத்துப் போடலாம்.