பின்னணியில் மூழ்கும் ஆய்வு

ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முந்தைய கருத்தரங்குகளின் பருவம் இது. தில்லியில் வாரத்துக்கு இரண்டு மூன்று அரங்குகளிலாவது அமர நேர்கிறது. துறைகள் வேறு, பொருள்கள் வேறு. திரையில் விழும் காட்சி மட்டும் பெரும்பாலும் ஒன்றே. பல்கலைக்கழக முகப்பின் ஒளிப்படமோ, ஒரு சூரியோதயமோ, கருநீலத்திலிருந்து ஊதாவுக்கு வழியும் வண்ணமோ பின்னால் விரிந்திருக்கும். அதன்மேல் பல்லாண்டு உழைப்பின் அட்டவணை தத்தளித்துக்கொண்டிருக்கும். இதை அழகுணர்ச்சி பற்றிய சில்லறைப் புகாராக நண்பர்கள் எண்ணிவிட வேண்டாம்.

புரொஜெக்டரால் கருமையை வீசியெறிய இயலாது. திரையில் நாம் கறுப்பென்று காண்பது ஒளி விழாத இடமே. நம் அரங்குகளிலோ திரைச்சீலைகள் முழுதாக மூடுவதில்லை; குழல்விளக்கை அணைத்தால் தேர்வாளர் குறிப்பெடுக்க முடியாது. அறை வெளிச்சம் படிந்ததும் கருநீலம் சாம்பலாக வெளிறுகிறது. அதன்மேல் வரைந்த சிவப்புக் கோடு அந்தச் சாம்பலிலேயே கரைந்துவிடுகிறது. மடிக்கணினியில் பளிச்சென்று தெரிந்ததே என்று ஆய்வாளர் திகைக்கிறார். வலைப்பக்கங்களுக்கான அணுகல் நெறிமுறை சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1, பெரிய எழுத்தாயின் 3:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது. ஒளிப்படத்தின் மேல் எழுதும்போது இவ்விகிதம் எழுத்துக்கு எழுத்து மாறும். மேகத்தின் மேல் மறைந்த வெள்ளைச் சொல் மரத்தின் மேல் மீண்டும் தோன்றும்.

இதைவிடக் கவலைக்குரியது தரவின் நிறமே மாறித் தோன்றுவது. பாரீசின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்ற புகாரை ஆராயப் புகுந்தார். பழுது சாயத்தில் இல்லை, அடுத்திருந்த நிறங்களே கறுப்பை மங்கச் செய்தன என்று கண்டார்; 1839இல் அதை நூலாகவும் வெளியிட்டார். ஒரே சாம்பல் நிறம் நீலத்தின் நடுவே ஒருவிதமாகவும் மஞ்சளின் நடுவே வேறுவிதமாகவும் தெரியும். அப்படியிருக்க, நிறச்செறிவைக் கொண்டே அளவைக் காட்டும் ஒரு வரைபடத்தைப் பலவண்ணப் பின்னணியில் பதிப்பவர், அறியாமலே தம் முடிவுகளுக்குச் சாயம் ஏற்றுகிறார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஒருவர் அவையில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

வெள்ளைத் திரை அவையைத் தூங்கவைக்கும் என்பார்கள். தூங்குகிறவர்கள் சூரியோதயத்தின் முன்னும் தூங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

படமே கூடாது என்பதன்று என் கட்சி. கோயில் கட்டடக்கலை பற்றிப் பேசுபவருக்குப் படம்தான் சான்று. அது திரை முழுவதையும் ஆளட்டும். தலைப்பு ஸ்லைடில் களப்பணி ஊரின் ஒளிப்படம் இருப்பதும் அழகே. பவர்பாயிண்டில் அந்தப் படத்தைப் பின்னணியாக இட்ட கையோடு ‘அப்ளை டு ஆல்’ பொத்தானை அழுத்துகிறோமே, அங்கேதான் கேடு தொடங்குகிறது. எழுத்தின் பின்னே படம் இருந்தே தீரவேண்டுமெனில், இடையில் அரைத்தெளிவான ஒரு வெள்ளைப் பெட்டியை வைக்கலாம்.

ஆனால் பல ஆய்வாளர்களுக்கு இந்த உரிமையே இல்லை. மூத்தவர் விட்டுச்சென்ற கோப்பு பென்டிரைவ் வழியே கைமாறி வருகிறது. மூலைக்கொரு முத்திரையும் நடுவில் நீர்க்குறியும் ஸ்லைடு மாஸ்டரில் உறைந்திருக்கும். அகற்றினால் துறையை அவமதித்ததாகிவிடுமோ என்ற அச்சம் வேறு. நம்மில் பலர் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில், நம் உச்சரிப்புப் பழகாத அவையின்முன் பேசுகிறோம். சொல் பிடிபடாதபோது கேட்பவரின் கண் திரைக்கே ஓடுகிறது. அங்கும் எழுத்து தெரியாவிட்டால், தேர்வாளர் ‘தெளிவில்லை’ என்று எழுதுகிறார். ஆய்வே தெளிவற்றதென்று அது பதிவாகிவிடுகிறது.

துறைத்தலைவர்கள் வெண்பின்னணியில், முதல் ஸ்லைடில் மட்டும் முத்திரை கொண்ட ஒரு டெம்ப்ளேட்டைத் தந்தால் போதும். அதுவரை, கருத்தரங்குக்கு முந்தைய நாள் விளக்குகளை எரியவிட்டு, கடைசி வரிசையில் அமர்ந்து உங்கள் அட்டவணையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.