கழற்சிக்காயும் கலேகாவும்

ஐரோப்பியப் புல்வெளிகளில் கலேகா என்றொரு செடி உண்டு. மிகையாகச் சிறுநீர் கழியும் நோய்க்கு ஊர்ப்புற மக்கள் அதனைப் பண்டே கையாண்டனர். அதனை மேய்ந்த ஆடுகள் மாண்டதும் உண்டு! மருந்தும் நஞ்சும் ஒரு செடியிற் கிடந்தமை கண்ட அறிவியலார் அதனைத் தூற்றவுமில்லை, தொழவுமில்லை, பகுத்தாய்ந்தனர். அதன் உட்பொருளுக்கு இனமான ஒன்றை 1922இல் டப்ளினில் வெர்னரும் பெல்லும் ஆக்கினர். 1957இல் பாரிசு மருத்துவர் ழான் இசுடெர்ன் அதனை நீரிழிவாளர்க்குக் கொடுத்துக் கண்ட பயனை வெளியிட்டார். அதுவே மெட்பார்மின். சினைப்பை நீர்க்கட்டியென வழங்கும் நோயுற்ற பெண்டிர் பலர்க்கு இன்று மருத்துவர் எழுதித்தரும் மாத்திரையும் அதுதான்.

நீர்க்கட்டி என்னும் பெயரே பிழை. 1935இல் சிகாகோ மருத்துவர் இசுடெயினும் இலெவன்தாலும் இந்நோயை விளக்கியபோது ஆங்கிலத்தில் நிலைத்த பிழையை நாம் அப்படியே பெயர்த்துக்கொண்டோம். அவை கட்டிகளல்ல, கருமுட்டை முதிராது நின்ற நுண்பைகள். இன்சுலின் சரிவர வேலை செய்யாமையும் ஆண்மைச் சுரப்பு மிகுதலும் சேர்ந்து மாதவிலக்கைக் குலைக்கின்றன. கட்டியென்று கேட்டவுடன் கத்தியை நினைத்து நடுங்கும் இளம்பெண்கள் எத்தனை பேர்! பிள்ளைபெறும் அகவையினருள் நூற்றுக்கு 8 முதல் 13 பேர்க்கு இந்நோய் உண்டென்றும், அவருள் 70 விழுக்காட்டினர் வரை அதனை அறியாமலே உள்ளனரென்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறியுள்ளது.

நம்மிடம் செடிகளுக்கா பஞ்சம்? கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலை 1976 வரை சாகீர் ஆட்சியிற் கிடந்தது. அம்மலையிலிருந்து கடுக்காய் மூட்டை மூட்டையாய் இறங்குகின்றது. அதனைப் பொறுக்கும் மலையாளிப் பழங்குடியினரின் பட்டறிவுதான் இன்னும் இறங்கவில்லை. செய்தித்தாள்களோ சாராய ஊறலைப் பற்றி எழுதும்போதே அம்மலையை நினைக்கின்றன.

கழற்சிக்காயை எடுத்துக்கொள்க. சங்கக்காலப் பெண்டிர் கழங்காடிய காய் அது. மிளகோடு இடித்த அதன் பருப்புத் தூளை இந்நோய்க்குச் சித்த மருத்துவர் தருகின்றனர். விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. பெண்டிரிடம் பெருந்தொகையிற் செய்து தேறிய ஆய்வு வேண்டும். அதுவரை மெட்பார்மினை எறிந்துவிட்டுத் தூளை மட்டும் நம்பச் சொல்வது தமிழ்ப்பற்று ஆகாது. எடை மிகுந்தவர் உணவாலும் உடலுழைப்பாலும் சிறிது குறைத்தாலே மாதவிலக்குச் சீராதல் உண்டு; இதைச் சொல்லித்தரக் காசு கிடைப்பதில்லையாகலின் வாணிகர் சொல்வதில்லை.

மலைவேம்புச் சாறோ இன்னும் பெருங்குழப்பம். ஒட்டுப்பலகைக்காகத் தோட்டந்தோறும் நடப்படும் மரத்திற்கும் அப்பெயர். அதன் இனத்ததே யெனினும் வேறான, நச்சுக்காய் காய்க்கும் மரத்திற்கும் அப்பெயர். தாய் ஒருத்தி மகளுக்கு அரைத்துக் கொடுப்பது எம்மரத்தின் இலை? பெயர்த்தெளிவு புலவர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு என்று நகைப்போர் இதற்கு விடை கூறட்டும்.

தாம்பரத்தில் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் 2005இலேயே திறக்கப்பட்டது. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமும் ஆயிற்று. நிறுவனத்தார் மலையேறி, பழங்குடி மருத்துவரோடமர்ந்து, ஒவ்வொரு செடிக்கும் ஒரு பெயர் வரையறுத்து, கழற்சியை முறைப்படி ஆய்ந்திடல் வேண்டும். எம்மரம், எவ்வுறுப்பு, எவ்வளவு என்று பொதியின்மேல் எழுதாத தூளை அரசு கடையேற விடலாகாது. ஆய்வு வென்று பணம் வருமாயின், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் கூறும் பங்கு, கணக்கோடு, வெள்ளிமலைக்குச் சென்று சேர்தல் வேண்டும்.