சுரங்கம் தந்த வழி
பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணக் கிராமங்களில் சைக்கிளில் சுற்றக் கிளம்புகிறவர் கையில் ஒரு துண்டுச்சீட்டு போதும். அதில் நான்கைந்து எண்கள். கால்வாய்க் கரை, தோப்போரம், வயல்வெளி என்று பாதைகள் சந்திக்கும் இடமெல்லாம் எண் எழுதிய பலகை நிற்கும்; அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி காட்டும். 1995இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டை யோசித்தவர் ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர். நிலக்கரிச் சுரங்கத்தின் இருட்டில் வழி தவறாதிருக்கச் சந்திப்புகளுக்கு எண் இடும் முறையை அவர் மேலே, வெயிலுக்குக் கொண்டுவந்தார். அந்த மாகாணத்தின் கடைசிச் சுரங்கம், சோல்டரில், 1992இல்தான் மூடப்பட்டிருந்தது. சுரங்கம் மூடிய பல ஊர்களில் ஓர் அருங்காட்சியகம் மிஞ்சும்; இங்கே சுரங்கத் தொழிலாளர்களின் நடைமுறை அறிவு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்பது நெகிழவைக்கிறது. செலவிலும் சிக்கனம்: பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த அமைதியான கிளைச்சாலைகளை இணைத்து, பலகை நட்டார்கள். பின்னர் நெதர்லாந்தும் இதை எடுத்துக்கொண்டது. முன்பின் தெரியாத ஊரில் பாட்டியும் பேரனும்கூடக் கைபேசியைப் பார்க்காமல் நாள் முழுக்க ஓட்டலாம். கிராமப் பாதைகளுக்குப் பணம் ஒதுக்கும் எந்த அரசும் கோடிகளைக் கொட்டிப் புதுத் தடம் போடுமுன் இந்தப் பலகைகளை முயன்று பார்க்க வேண்டும்.