பத்து மில்லிமீட்டருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கிராவல் என்றதும் நம்மூரில் முதலில் நினைவுக்கு வருவது, லாரியில் வந்து வீட்டு மனையில் கொட்டும் மண். 'ரெண்டு லோடு கிராவல் அடிச்சாத்தான் தரை நிக்கும்' என்று மேஸ்திரி சொல்லும் அதே சொல்தான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துக்காரர்களுக்கு அது சாலை. தார் போடாமல் உடைகல்லைப் பரப்பிவிட்ட பண்ணைச் சாலைகள் அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீளும். அந்த மாதிரிச் சாலைகளுக்காகவே வளர்ந்த வண்டிதான் கிராவல் சைக்கிள்.

தூரத்திலிருந்து பார்த்தால் ரேஸ் சைக்கிள்தான். ஆட்டுக் கொம்பு போல வளைந்த அதே ஹேண்டில்பார், அதே ஒல்லி உடம்பு. பக்கத்தில் போனால் வித்தியாசம் தெரியும். டயர் தடிமனாக இருக்கும். டிஸ்க் பிரேக் இருக்கும். உட்காரும் விதமும் ரேஸ் சைக்கிள் அளவுக்குக் குனிந்ததாக இருக்காது. தார்ச்சாலையில் வேகமாகவும் போக வேண்டும், கல்லிலும் மண்ணிலும் சறுக்காமல் நிற்கவும் வேண்டும் என்ற இரண்டு ஆசைகளுக்குப் பிறந்த பிள்ளை.

கான்சாஸின் எம்போரியா என்ற சிற்றூரில் 2006-ல் வெறும் 34 பேரோடு ஒரு 200 மைல் பந்தயம் தொடங்கியது. இன்று 'அன்பவுண்ட் கிராவல்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கு வருகிறார்கள். ஷிமானோ நிறுவனம் 2019-ல் கிராவலுக்கென்றே தனி கியர் வரிசையை இறக்கியது. 2022-ல் இத்தாலியில் உலக சாம்பியன்ஷிப்பும் நடந்துவிட்டது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு கார்பன் கிராவல் சைக்கிளோடு வந்து நிற்கிறார்கள்.

இந்த வரிசையில் உச்ச மாடல்கள் 10,000 டாலரைத் தாண்டும். 'கட்டுப்படியாகும் கார்பன்' என்று விற்கப்படுபவை பொதுவாக 2,000 முதல் 3,000 டாலர் வரை. அதாவது இரண்டரை லட்சம் ரூபாய் வரைக்கும் போகும். 'இந்தக் காசுக்கு ஒரு புல்லட்டே வாங்கிடலாமே' என்று வீட்டில் குரல் எழுவது நியாயம்தான். அப்படிக் கேட்பவருக்குப் பதில் சொல்லும்போது, வாங்கப்போகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு சமாச்சாரம் இருக்கிறது. இந்த வண்டிகளில் பலவற்றை இப்போது 'மாற்றியமைக்கும் வடிவமைப்பு' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஒரே சைக்கிள், இரண்டு குணம் என்பதுதான் விளம்பரத்தின் சாரம்.

உண்மையிலேயே இரண்டு குணமா?

உதாரணத்துக்கு தைவானின் ஜயன்ட் நிறுவனத்துடைய 'ரிவோல்ட் அட்வான்ஸ்டு' வரிசையை எடுத்துக்கொள்ளலாம். 1972-ல் தொடங்கிய இந்த நிறுவனம், உலகத்துக்கே சைக்கிள் செய்து கொடுக்கும் பெரிய கைகளில் ஒன்று. கார்பனில் 1980-களிலேயே இறங்கிவிட்ட பழைய ஆள். கார்பன் ஃபிரேம் என்பது மெல்லிய கார்பன் தாள்களை அடுக்கடுக்காகக் கையால் அச்சில் ஒட்டி, சூட்டில் இறுக வைத்து எடுப்பது. கூலிதான் அதில் பெரிய செலவு. அதைச் சொந்த ஆலையிலேயே பெரிய அளவில் செய்பவர்களால் விலையைக் கொஞ்சம் பிடித்துவைக்க முடிகிறது. மீதிச் சிக்கனம் மற்ற பாகங்களில். கார்பன் சக்கரத்துக்குப் பதில் அலுமினியச் சக்கரம், எலெக்ட்ரானிக் கியருக்குப் பதில் கேபிள் கியர். முதல் நாளே உச்ச சக்கரம் தேவைப்படாதவருக்கு இது நல்ல பேரம். சக்கரத்தைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், ஃபிரேமை மாற்ற முடியாது.

2021-ல் இந்த ரிவோல்ட் அட்வான்ஸ்டைப் புதுப்பித்தபோது, பின்சக்கர அச்சு உட்காரும் இடத்தில் 'ஃபிளிப் சிப்' என்ற சின்ன உலோகத் துண்டை வைத்தார்கள். அதைக் கழற்றித் திருப்பிப் போட்டால் பின்சக்கரம் 10 மில்லிமீட்டர் பின்னால் போகும். பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையிலான தூரம் 'குட்டை' நிலையில் 425 மி.மீ., 'நீள' நிலையில் 435 மி.மீ. குட்டையில் வைத்தால் வண்டி சட்டென்று திரும்பும், நீளத்தில் வைத்தால் நேராக நிதானமாகப் போகும் என்கிறார்கள்.

கொள்கை சரிதான். பின்சக்கரம் உடம்புக்கு அடியில் நெருங்கி வந்தால், செங்குத்தான மண் ஏற்றத்தில் டயர் வழுக்காமல் பிடிக்கும். தள்ளிப்போனால் கல் நிறைந்த இறக்கத்தில் வண்டி பதறாது. பின்னால் பை கட்டினாலும் ஆடாது. ஆனால், கணக்கையும் பார்க்க வேண்டும். முன்சக்கர அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையிலான மொத்த நீளம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். அதில் 10 மி.மீ. என்பது ஏறத்தாழ ஒரு சதவிகிதம். பல வருடம் பந்தயம் ஓட்டிப் பழகியவருக்கு அது உடனே தெரியலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐம்பது கிலோமீட்டர் போய்விட்டு டீ குடித்துத் திரும்புகிறவருக்கு, டயரில் காற்று கூடினதும் குறைந்ததும்தான் அதைவிட அதிகமாகத் தெரியும்.

மாற்றுவதும் சுவிட்ச் போடுகிற மாதிரி வேலை இல்லை. சக்கரத்தைக் கழற்ற வேண்டும், சிப்பைத் திருப்ப வேண்டும், கியரைச் சரிபார்க்க வேண்டும். அச்சு நகரும் வண்டிகளில் டிஸ்க்கும் கூடவே நகரும் என்பதால், பிரேக் சரியான இடத்தில் பிடிக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். அச்சு 10 மி.மீ. பின்னால் போனால் மேலும் கீழுமாகச் சங்கிலிக்கு 20 மி.மீ. நீளம் கூடுதலாக வேண்டும். குட்டை நிலைக்கு அளந்து இறுக்கமாக வெட்டிய சங்கிலி என்றால் பெரிய பல்சக்கரத்தில் இழுக்கும். காலையில் மலைக்கு ஒன்று, மாலையில் கடைத்தெருவுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. வாங்கினவர்களில் பெரும்பாலோர் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துபோவார்கள்.

அப்படியானால் இந்தச் சிப் வீணா? வீணில்லை. அதன் உண்மையான பலன் விளம்பரத்தில் இரண்டாவது வரியில் வருகிறது. குட்டை நிலையில் பின்பக்கம் 42 மி.மீ. டயர் வரைதான் போடலாம். நீள நிலையில் 53 மி.மீ. வரை போடலாம்.

பெரிய விஷயம் இதுதான். 40 மி.மீ. டயரை எடுத்துவிட்டு 50 மி.மீ. டயர் போட்டால் உள்ளே இருக்கும் காற்றின் அளவு ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடும். காற்று கூடினால் குறைந்த அழுத்தத்தில் ஓட்டலாம். கல்லில் ஏறும்போது டயரே அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், கைக்கும் முதுகுக்கும் வராது. கார்பன் ஃபிரேம் அதிர்வை விழுங்குகிறது என்று பேசுகிறவர்கள் நிறைய. அந்த ஃபிரேம் விழுங்குவதைவிட அகலமான டயர் விழுங்குவது பல மடங்கு. இன்னொன்று, அவ்வளவு பெரிய டயர் போட்டால் வண்டியே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்துவிடும். பெடலும் அதோடு மேலே வரும். ஆக, டயரை மாற்றுவதே வண்டியின் வடிவமைப்பை மாற்றுவதுதான். சிப் அதற்கு இடம் விட்டுக் கொடுக்கிறது.

சேறு இன்னொரு காரணம். 2023 அன்பவுண்ட் பந்தயத்தில் ஏறத்தாழ 18-வது கிலோமீட்டரிலேயே மழையில் ஊறிய சாலை வந்தது. கான்சாஸ் களிமண் டயரில் அப்பிக்கொண்டு ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவில் போய் இறுகியது. சக்கரம் சுற்றவில்லை. உலகத்தர வீரர்கள் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் சேற்றைச் சுரண்ட பெயின்ட் கலக்கும் குச்சியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போவது இப்போது வழக்கம். பல ஆயிரம் டாலர் வண்டிக்கு ஒரு குச்சி துணை! அந்த மாதிரி நாளில் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் காசு பெறும். இறுகின மண்ணில் இருக்கும் கல் கார்பனை அரம் போட்ட மாதிரி தேய்த்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

அதனால், ரிவோல்ட் மாதிரியான வண்டியை வாங்குகிறவர் சிப்பை நீள நிலையில் வைத்துவிட்டு அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பதே நல்லது. முக்கால்வாசி நேரம் தார்ச்சாலையில், 32 அல்லது 35 மி.மீ. டயரில் ஓட்டுகிறவர் மட்டும் குட்டைக்குப் போகலாம். கடையில் எந்த நிலையில் வைத்துக் கொடுத்தார்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டால், பின்னால் தெரியாமல் பெரிய டயர் வாங்கிவந்து விழிக்க வேண்டியதில்லை.

எல்லா வண்டியிலும் சிப் பின்னால்தான் இருக்கும் என்றும் இல்லை. ஜிடி நிறுவனத்தின் கிரேடு கார்பன், போலந்து நாட்டு ரோண்டோ ரூட், கனடாவின் செர்வெலோ ஆஸ்பெரோ ஆகியவற்றில் முன் ஃபோர்க்கின் அடியில் வைத்ததுண்டு. அங்கே நகர்வது முன்சக்கரம். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் தன் தண்டுக்குச் சற்றுப் பின்னால் இழுபட்டு வருவதைக் கவனித்தால் இது புரியும். அந்தப் பின்தங்கல் அதிகமானால் சக்கரம் நேராகப் போகவே பார்க்கும். குறைந்தால் லேசாகத் தொட்டாலே திரும்பும். ஃபோர்க்கில் இருக்கும் சிப் இந்தப் பின்தங்கலைத்தான் கூட்டுகிறது, குறைக்கிறது. ஓட்டுகிறவரின் கைக்கு இந்த வகை மாற்றம் பின்பக்கச் சிப்பைவிடத் தெளிவாகத் தெரியும். ஆஸ்பெரோவின் யோசனை இன்னும் கெட்டி. டயர் அளவு மாறினாலும் திரும்பும் குணம் மாறாமல் இருக்கத்தான் அந்தச் சிப். மாற்றுவதற்காக வைத்ததில்லை, மாறாமல் பார்த்துக்கொள்வதற்காக வைத்தது.

எந்தச் சிப்பாலும் ஆகாத காரியம் ஒன்று உண்டு. தப்பான சைஸில் வாங்கிய ஃபிரேமைச் சரியாக்க அதால் முடியாது. பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் தலை எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்ற இரண்டு அளவுகள்தான் உடம்புக்கு வண்டி பொருந்துமா என்று தீர்மானிப்பவை. ஸ்டாக், ரீச் என்பார்கள். பின்சக்கரம் 10 மி.மீ. நகர்ந்தாலும் இவை ஏறத்தாழ அப்படியே இருக்கும். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்' என்று கடையில் சொன்னால், எதை அட்ஜஸ்ட் பண்ணுவது என்று திருப்பிக் கேட்க வேண்டும். தள்ளுபடியில் ஒரே ஒரு சைஸ்தான் மிச்சம் இருக்கிறது என்கிற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கழுத்து வலியும் கை மரத்துப்போவதும் ஆறு மாதம் கழித்து வரும். அப்போது தள்ளுபடி ஞாபகத்துக்கு வந்து என்ன செய்ய?

கார்பனுக்கென்று சில வீட்டுக் கவனங்களும் வேண்டும். போல்ட்டைக் கை பலத்தில் முறுக்கக் கூடாது. அதில் அச்சிட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ஸ்பேனர் வைத்துத்தான் இறுக்க வேண்டும். சர்வீஸ் ஸ்டாண்டில் மாட்டும்போது ஃபிரேம் குழாயைக் கவ்வக் கூடாது, சீட் தண்டைத்தான் கவ்வ வேண்டும். டெம்போவில் படுக்கவைத்து மேலே இன்னொரு சாமானை ஏற்றுவது வேண்டவே வேண்டாம். அலுமினியம் அடிபட்டால் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். கார்பன் வெளியே பளபளப்பாகவே இருந்துகொண்டு உள்ளே விட்டுப்போயிருக்கலாம். செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர் அடிக்குழாயையும் பெடல் அச்சைச் சுற்றியுள்ள பகுதியையும் நல்ல வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

யாருக்கு இந்த வண்டி? ஒரு சைக்கிளுக்கு மேல் நிறுத்த வீட்டில் இடம் இல்லாதவருக்கு. வாரநாளில் தார்ச்சாலை, விடுமுறையில் ஏரிக்கரை மண்பாதை, வருடத்துக்கு ஒருமுறை பையைக் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் என்று மூன்றையும் ஒன்றிலேயே முடிக்க நினைப்பவருக்கு. அவருக்கு அந்த 53 மி.மீ. இடைவெளி பல வருடம் உழைக்கும். மண் பக்கமே போகாதவருக்கு ஒரு சாதாரண ரோடு சைக்கிள் இதைவிட லேசாக ஓடும். முதல் தடவையாக வாங்குகிறவருக்கும், பட்ஜெட்டை இழுத்துப் பிடித்து வாங்குகிறவருக்கும் அலுமினிய ஃபிரேமே போதும். ரிவோல்ட்டிலேயே அலுமினிய மாடல்கள் இருக்கின்றன. எடையில் வரும் வித்தியாசம், நிரம்பிய ஒரு தண்ணீர் பாட்டிலைவிடப் பெரிதாக இருக்காது. மிச்சமாகும் பணத்தில் இரண்டு நல்ல டயரும், உடம்புக்கேற்ற அளவு பார்த்து அமைத்துக் கொடுப்பவரிடம் ஒரு மணி நேரமும் வாங்கலாம்.

கார்பன்தான் என்று முடிவாகிவிட்டால், கடைக்குப் போகும்போது இப்போது ஓட்டும் சைக்கிளின் ஸ்டாக், ரீச் அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. புது வண்டியின் அளவுப் பட்டியலில் அந்த இரண்டையும் முதலில் ஒப்பிட்டுவிட்டு, அதற்கு அப்புறம் சிப்பைப் பற்றி விசாரிக்கலாம்.

(அடுத்த வாரம்: ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் அந்த வெள்ளைத் திரவம் எத்தனை மாதம் தாங்கும்?)